அடுத்தபடி எதைப் படிப்பது?

(லப்பைக்குடிக்காட்டில் வாலிபர்கள் கூட்டிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



வாலிபர்கள் விரும்பிப் படிக்கும் நாவல்கள், அவை சினிமாவாக வருவது, அதற்குமேல் என்ன படிக்கலாம் என்கின்ற சங்கதிகளைப் பற்றிப் பேச வேண்டுமென்று இவ்வூர் வாலிபத் தோழர்கள் எனக்குக் கட்டளை இட்டிருக்கின்றார்கள். கடவுள், மதம், சாதி, சடங்கு என்று பேசித் திரிகின்றவனுக்கு நாவலும் சினிமாவும் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கலாம். அதற்குச் சமாதானம் சொல்லிவிட்டு மேலே போகின்றேன்.

முன் காலத்தில் நம் மக்களுடைய புத்தியைப் பிடித்து வைத்திருந்தது புராண காலட்சேபம். எழுத்துத் தெரியாதவனும் இராமன் கதையை இரவு முழுவதும் உட்கார்ந்து கேட்டான். யார் உயர்ந்தவன், யார் தாழ்ந்தவன், பெண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் சட்டப் புத்தகத்தில் படித்தா தெரிந்துகொண்டான்? கதையில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான். இன்று காலட்சேபம் கேட்க ஆள் குறைந்துவிட்டது. அந்த இடத்தில் சினிமா உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பக்கத்தில் கதைப் புத்தகம் உட்கார்ந்திருக்கின்றது. பதினைந்து வயதுப் பிள்ளை யாரை வீரன் என்று நினைக்கின்றான், யாரைப்போல் நடக்க ஆசைப்படுகின்றான் என்பது இந்த இரண்டிலும்தான் தீர்மானமாகின்றது. ஆதலால் இது நம்முடைய வேலையே தவிர, வேறு யாருடைய வேலையும் அல்ல.

நாவல் சினிமாவாவது நேற்று வந்த சங்கதியல்ல. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் "மேனகா" 1935-லும், "திகம்பர சாமியார்" 1950-லும் படமாக வந்தன. கல்கியின் "தியாக பூமி" 1939-ல் படமாக வந்தபோது, பத்திரிகையில் வெளியான கதைக்கு அந்தச் சினிமாவின் காட்சிகளையே படமாகப் போட்டார்கள். நாமக்கல் கவிஞரின் "மலைக்கள்ளன்" 1954-ல் வந்தது. நம் இயக்கத்தாரும் சும்மா இருக்கவில்லை. அண்ணாவின் "வேலைக்காரி" நாடகம் 1949-ல் படமாகி, பணக்காரனுடைய அக்கிரமத்தையும் சாமியார்களின் புரட்டையும் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்க் காட்டிற்று. ஆகவே சினிமாவே கூடாது, கதையே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. படிக்கத் தெரியாத ஒரு தாய்க்குச் சினிமாதான் புத்தகம். ஆனால் படிக்கத் தெரிந்த பிள்ளையும் சினிமாவோடு நின்றுவிட்டால், அவனுக்காக வேறு ஒருவன் படித்து, வேண்டியதை வைத்துக்கொண்டு, வேண்டாததைத் தள்ளிவிட்டுக் கொடுத்ததைத்தான் அவன் வாங்கிக்கொள்ளுகின்றான். எது தள்ளப்பட்டது என்பது அவனுக்குத் தெரியாமலே போகின்றது. அந்தத் தள்ளப்பட்ட சரக்கைப் பற்றித்தான் இன்று நான் பேசப் போகின்றேன்.

முதலாவதாக "பொன்னியின் செல்வ"னை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கி இதை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதினார். ஐந்து பாகம். நூலாசிரியரின் எழுத்துக்கள் அரசுடைமையாகிவிட்டதால் பலரும் அச்சிட்டு மலிவாக விற்கின்றார்கள். மணிரத்னம் அவர்கள் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் அதை இரண்டு படமாக எடுத்து வெளியிட்டார். கங்கைகொண்ட சோழபுரம் நமக்குப் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் இருப்பதால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிப் பெருமை. பிள்ளைகள் இவ்வளவு பெரிய புத்தகத்தை ஆவலோடு படிக்கின்றார்களே என்று நானும் சந்தோஷப்படுகின்றேன். ஆனால் சந்தோஷப்பட்டுவிட்டு, சில கேள்விகளும் கேட்கின்றேன்.

அந்த நாவலில் சேந்தன் அமுதன் என்று ஒருவன் வருகின்றான். பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுத்துப் பிழைக்கும் ஏழைப் பிள்ளை. வாய் பேச முடியாத ஒரு தாய் வளர்த்த பிள்ளை. கடைசியில் அவன்தான் சோழ நாட்டுச் சிங்காதனத்தில் உட்காருகின்றான். படகு தள்ளும் பெண்ணாகிய பூங்குழலி அவனுக்கு மனைவியாகி அரசியாகின்றாள். சினிமாவில் இது உண்டா? இல்லை. பூக்கட்டுகின்றவன் சிங்காதனம் ஏறும் சங்கதியையே எடுத்துவிட்டார்கள். சினிமா மாத்திரம் பார்த்த பிள்ளைக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

சரி, நாவலையாவது முழுவதும் ஒப்புக்கொள்ளலாமா என்றால், அங்கும் யோசிக்க வேண்டியிருக்கின்றது. அந்தப் பூக்காரப் பிள்ளை எதனால் அரசனாகின்றான்? அவனுடைய நல்ல குணத்திற்காகவா? புத்திக்காகவா? இல்லை. அவன் உண்மையில் அரச குடும்பத்தில் பிறந்தவன், குழந்தையில் மாறிப்போய்விட்டான் என்பதனால்தான். அதாவது, ஏழைக்கு அரசு கொடுக்க வேண்டுமானாலும் அவன் உடம்பில் அரச இரத்தம் ஓடுகிறது என்று முதலில் காட்டியாக வேண்டும். இது வருணாசிரமத்தின் வாசனை அல்லாமல் வேறு என்ன? நாவலைப் படித்தவன்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். சினிமாவோடு நின்றவனுக்குக் கேள்வியே பிறக்க வழியில்லை.

இன்னொன்று. நம் வெள்ளாற்றங்கரையிலிருந்து கிழக்கே போனால் காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் உடையார்குடி என்னும் ஊர். அங்குள்ள கோயிலில் இராசராசனுடைய இரண்டாவது ஆட்சி ஆண்டில் வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கின்றது. அவனுடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் இன்னார் என்றும், அவர்களுடைய, அவர்கள் உறவினருடைய நிலங்கள் என்ன ஆயின என்றும் அது சொல்லுகின்றது. அதிலுள்ள இரவிதாசனுக்கும் அவன் சகோதரன் ஒருவனுக்கும் "பிரமாதிராசன்" என்ற பட்டம் இருக்கின்றது. அந்தப் பட்டம் சோழ அரசில் பார்ப்பன அதிகாரிகளுக்குக் கொடுக்கப்பட்ட பட்டம். நாவலில் அதே இரவிதாசன் மந்திரவாதியாகவும், பாண்டியனுக்காகப் பழிவாங்கும் கூட்டத்தின் தலைவனாகவும் வருகின்றான். கதை எழுதுகின்றவருக்குக் கற்பனை செய்ய உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆயிரம் வருஷத்திற்கு முந்திய கொலைக்கு இன்றைக்கு இருக்கின்ற யார்மீதும் பழி போடுவதும் என் எண்ணமல்ல. கல்வெட்டு வேறு, நாவல் வேறு, சினிமா வேறு என்பதை மாத்திரம் தெரிந்துகொள்ளுங்கள். சினிமாவைப் பார்த்துவிட்டு "சரித்திரம் தெரிந்துவிட்டது" என்று மார்தட்டாதீர்கள்.

அந்தச் சோழர் பெருமையிலேயே இன்னொரு பக்கமும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட இடங்களைக் கணக்கிடும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்கள் வருகின்றன. பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து தளிச்சேரிப் பெண்டுகள் என்று குடியமர்த்திய கணக்கும் இருக்கின்றது. அந்தச் சேரியிலும் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவன் இருந்திருப்பான் அல்லவா? அந்த 400 பெண்களில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இருந்திருப்பாள் அல்லவா? அவர்கள் கதை எங்கே? ஆனால் இன்று என்ன நடக்கின்றது? இராசராசன் எங்கள் சாதி, எங்கள் சாதி என்று ஒவ்வொரு கூட்டத்தாரும் சுவரொட்டி ஒட்டுகின்றார்கள். எங்கள் பாட்டன் தீண்டாச்சேரியில் இருந்தான், அது என்ன நியாயம் என்று கேட்க ஒருவரும் சுவரொட்டி ஒட்டக் காணோம்!

தமிழ்நாட்டில் மாத்திரம் இப்படி என்று எண்ண வேண்டாம். வெள்ளைக்காரர் நாட்டிலும் இதே கதைதான். "ஹாரி பாட்டர்" என்னும் புத்தகம் 1997-ல் தொடங்கி உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. 2001 முதல் படமாகவும் வந்தது. மந்திரமும் மாயமும் நிறைந்த கதை. மந்திரம் பொய் என்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரியுமாதலால் அதைப் பற்றி நான் சண்டைக்குப் போகவில்லை. அதனுடைய நாலாவது புத்தகத்தில், 2000-ல் வந்தது, ஹெர்மியோனி என்னும் பெண் ஒரு சங்கதியைக் கண்டுபிடிக்கின்றாள். தங்கள் பள்ளிக்கூடத்தில் தினம் மூன்று வேளையும் தானாக வந்து நிற்பதுபோல் தோன்றும் சாப்பாட்டை, கீழே சமையற்கட்டில் கூலியில்லாமல் அடிமைகளாக உழைக்கும் குட்டிப் பிராணிகள் சமைக்கின்றன என்பதே அது. உடனே அவற்றின் விடுதலைக்கு அவள் ஒரு சங்கம் அமைத்து, சட்டையில் குத்திக்கொள்ளச் சின்னம் செய்து, ஆள் சேர்க்கின்றாள். கூடப் படிக்கின்றவர்கள் பரிகாசம் செய்கின்றார்கள். "அவை அடிமையாக இருப்பதில்தான் சந்தோஷப்படுகின்றன" என்ற பதிலும் அவளுக்குக் கிடைக்கின்றது. இந்தப் பதிலை நாம் எங்கேயாவது கேட்டிருக்கின்றோமா இல்லையா? 2005-ல் அந்தப் புத்தகம் படமாக வந்தபோது இந்தச் சங்கம் முழுவதும் காணாமற் போயிற்று. பறக்கும் பாம்பு இருக்கின்றது, சண்டை இருக்கின்றது. அடிமைகளுக்குச் சங்கம் அமைத்த பெண் மாத்திரம் இல்லை.

மூன்றாவதாக, பூமணி அவர்களின் "வெக்கை". 1982-ல் வந்த நாவல். கரிசல் காட்டுப் பையன் சிதம்பரத்திற்குப் பதினைந்து வயது. தன் அண்ணனைக் கொன்றவனைக் கொன்றுவிட்டு, தகப்பனோடு காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகின்றான். பசி, தூக்கமின்மை, தாயையும் தங்கையையும் பற்றிய கவலை, கடைசியில் கோர்ட்டை நோக்கி நடை. அவ்வளவுதான் கதை. 2019-ல் வெற்றிமாறன் அவர்கள் இதை "அசுரன்" என்று எடுத்தார். படம் நல்ல படம். நாவலில் இல்லாத பஞ்சமி நிலச் சங்கதியை அதில் சேர்த்தார். 1968-ல் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை ஞாபகமூட்டும் காட்சியைச் சேர்த்தார். நிலத்தையும் பணத்தையும் பிடுங்கிக்கொள்ளுவார்கள், படிப்பைப் பிடுங்க முடியாது என்று தகப்பன் மகனுக்குச் சொல்லுவதாக முடித்தார். சினிமா எப்போதும் குறைக்கத்தான் செய்யும் என்பதல்ல, சில சமயம் கூட்டவும் செய்யும் என்பதற்கு இதைச் சொல்லுகின்றேன். ஆனால் அங்கும் ஒன்று மாறிப்போயிற்று. நாவல் பையனுடைய நாவல். படம் தகப்பனுடைய படம். நாவலில் அந்தப் பையனுடைய பயமும் களைப்பும் பக்கத்துக்குப் பக்கம் நம்மோடு வருகின்றன. படத்தில் தகப்பன் ஆயுதம் எடுத்தவுடன் கொட்டகை முழுவதும் கை தட்டுகின்றது.

இப்படி ஏன் ஆகின்றது? சினிமாக்காரர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்பதனாலா? அல்ல. படம் எடுக்க ஏராளமான முதல் வேண்டும். முதல் போட்டவனுக்குப் பணம் திரும்ப வேண்டும். பேர்பெற்ற நடிகர் இல்லாவிட்டால் கொட்டகைக்காரன் படத்தை வாங்க மாட்டான். பேர்பெற்ற நடிகர் பூக்காரனாகவோ, சமையற்கட்டு அடிமையாகவோ, பயந்த பையனாகவோ வந்தால் ஜனங்கள் கூட மாட்டார்கள் என்று நினைக்கின்றார்கள். ஐந்து பாகத்து நாவலை ஐந்தரை மணி நேரத்திற்குள் அடக்க வேண்டும். இத்தனை நிர்ப்பந்தத்தில் முதலில் கழித்து எறியப்படுகின்றவன் யார்? ஊரில் எவன் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றானோ அவனேதான் கதையிலும் ஒதுக்கப்படுகின்றான்.

நிற்க. "சரி, இதையெல்லாம் படித்துவிட்டோம், பார்த்துவிட்டோம், அடுத்தபடி எதைப் படிப்பது?" என்று வாலிபர்கள் கேட்கின்றார்கள். கடைக்காரனைக் கேட்டால், பொன்னியின் செல்வன் படித்தாயா, அதேபோல் இன்னொரு ராஜா கதை இருக்கின்றது, வாங்கிக்கொள் என்பான். அது அவன் வியாபாரம். நான் ஒரு எளிய வழி சொல்லுகின்றேன். ஒரு புத்தகத்தை முடித்தவுடன், "இதில் யார் இல்லை? யார் வந்தும் வாய் பேசவில்லை?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். யார் விடுபட்டுப் போனாரோ அவருடைய கதையைத் தேடி அடுத்தபடி படியுங்கள். இவ்வளவுதான் என் யோசனை.

இதைச் செய்து பார்ப்போம். பொன்னியின் செல்வனில் தீண்டாச்சேரி இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் கடலூர் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த இமையம் அவர்கள் 1994-ல் "கோவேறு கழுதைகள்" என்ற நாவலை எழுதினார். சேரி மக்களுக்கே துணி வெளுத்து, அவர்களிடமே கையேந்தி நிற்கும் ஆரோக்கியம் என்னும் பெண்ணின் கதை. தாழ்த்தப்பட்டவனுக்கும் கீழே ஒருவனைப் படைத்து வைத்திருக்கின்றதே இந்தச் சாதி, அதன் அயோக்கியத்தனத்தை அதைவிடத் தெளிவாக நான் பத்துக் கூட்டம் பேசியும் காட்ட முடியாது. அவருடைய "பெத்தவன்" சின்னப் புத்தகம். ஒரு மாலையில் முடித்துவிடலாம். சாதி விட்டு ஆசைப்பட்ட மகளைக் கொல்லச் சொல்லி ஊரார் தகப்பனை நெருக்கும் கதை. அதைப் படித்த பிறகு சாதிப் பெருமை பேச உங்களுக்கு நாக்கு எழுகிறதா பாருங்கள்.

அடுத்தபடி, இந்தப் புத்தகங்களில் முஸ்லிம் பிள்ளை எங்கே? முஸ்லிம் தோழர்கள் நிறைய வாழும், கடல் கடந்துபோய்ச் சம்பாதிக்கின்றவர்கள் பலர் உள்ள இந்த ஊரில் இதைக் கேட்காமல் வேறு எங்கே கேட்பது? தோப்பில் முஹம்மது மீரான் அவர்கள் 1988-ல் "ஒரு கடலோர கிராமத்தின் கதை"யை வெளியிட்டார். ஊர்ப் பெரிய முதலாளி, ஊரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருவதைத் தடுக்கின்றார். எங்கிருந்தோ வந்த தங்ஙள் ஒருவரை மகான் என்று ஊர் கொண்டாடுகின்றது. பள்ளிக்கூடத்திற்குப் பகை, மந்திரிப்புக்கு மரியாதை! இதை எழுதியவர் வேற்று மதத்தான் அல்ல. அந்தச் சமூகத்திற்குள்ளேயே பிறந்து, அதன்மேல் அன்பு வைத்து எழுதியவர். தன் வீட்டுக் குப்பையைத் தானே கூட்டுகின்றவனைப் போன்ற யோக்கியன் வேறில்லை. எல்லா மதத்தாரும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதுதான் நம் ஆசை.

அதற்கும் அடுத்தபடி, பெண் எங்கே? நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் என்னும் அம்மையார் 1938-லேயே "காதலா கடமையா" என்று நாவல் எழுதி வெளியிட்டார். இங்கே எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்? திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா அவர்களுக்கு ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டது. வீட்டுக்குள் இருந்துகொண்டே எழுதினார். "இரண்டாம் ஜாமங்களின் கதை" 2004-ல் வந்தது. வயதுக்கு வந்த பெண்ணை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது என்றால் என்ன என்பதைப் பூட்டப்பட்டவளே சொல்லும் கதை. பிற்பாடு அவர் பேரூராட்சித் தலைவராகவும், 2025-ல் ராஜ்யசபை உறுப்பினராகவும் ஆனார். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவர்கள் எதை நிறுத்திவிட்டதாக நினைத்தார்கள்? அது நின்றதா?

தாய்மார்களே, உங்களைத்தான் கேட்கின்றேன். பையன் படத்துக்குப் போனால் "வாலிபம், போகட்டும்" என்கின்றோம். பெண் நூலகத்திற்குப் போய் ஒரு புத்தகம் எடுத்து வருகிறேன் என்றால், "வயதுக்கு வந்த பிள்ளைக்கு வெளியே என்ன வேலை?" என்கின்றோம். பையன் கெட்டுப்போவதற்குச் சினிமாவில் இருக்கும் வசதி, பெண் கெட்டுப்போவதற்கு நூலகத்தில் இருக்கின்றதா? யோசித்துச் சொல்லுங்கள்.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கும் இப்போது நல்ல புத்தகங்கள் வருகின்றன. பிள்ளைகளைத் தகாத முறையில் தொடுகின்றவர்களைப் பற்றிப் பயமில்லாமல் பேசக் கற்றுக்கொடுக்கும் யெஸ். பாலபாரதியின் "மரப்பாச்சி சொன்ன ரகசியம்" 2020-ல் சாகித்ய அகாதமியின் பால இலக்கியப் பரிசு பெற்றது. கீழடியைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் உதயசங்கரின் "ஆதனின் பொம்மை" 2023-லும், விஷ்ணுபுரம் சரவணனின் "ஒற்றைச் சிறகு ஓவியா" 2025-லும் அந்தப் பரிசைப் பெற்றன. அதே சரவணன் "கயிறு" என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருக்கின்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கட்டும் கயிற்றைப் பற்றியது.

அந்தக் கயிற்றைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனை, கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையையும் வெட்டினார்கள். அதன்மேல் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிக்கூடத்தில் சாதியைக் காட்டும் கயிறு முதலிய அடையாளங்கள் கூடாது என்றே சொல்லிற்று. அந்த அரிவாளைப் பிடித்த கைகளுக்கு என்ன வயது? வெக்கையில் வரும் சிதம்பரத்தின் வயதை ஒத்த வயது. சினிமாவில் அரிவாளுக்குக் கை தட்டிய பிள்ளைகள், அந்த நாவலைப் படித்து, அரிவாள் எடுத்த பிறகு ஒரு பிள்ளைக்கு ஊரும் இல்லை, உறக்கமும் இல்லை என்பதைச் சில நாளாவது தெரிந்துகொண்டிருந்தால், அவர்களில் ஒரு கையாவது தயங்கியிருக்காதா? தயங்கியிருக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனால் தயங்குவதற்கு ஒரு வழியையாவது நாம் அவர்களுக்குத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதை நாம் செய்யவில்லை.

புத்தகத்திற்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். சென்னை மாகாணத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் அப்படிப்பட்ட சட்டங்களுக்கு முன்னோடியாக வந்த சட்டம். அந்தச் சட்டப்படி நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்கப்படுகின்றது. இப்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா. கோயில் உண்டியலில் போட்ட காசுக்குக் கணக்குக் கேட்டால் பாவம் என்பார்கள். இந்தக் காசுக்குக் கணக்குக் கேட்பது உங்கள் உரிமை. வாலிபர்கள் பத்துப் பேர் சேர்ந்து, நான் சொன்ன புத்தகங்களின் பேரை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு மாதம் பொறுத்துப் போய்க் கேளுங்கள். வரவில்லையானால் மறுபடியும் எழுதிக் கொடுங்கள். வந்த புத்தகத்தை ஒருவர் படிக்க நாலு பேர் கேளுங்கள். வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ ஒரு திண்ணை போதும். பெண்களுக்கும் அந்தத் திண்ணையில் சம இடம் வேண்டும். அதில்லாவிட்டால் அது பாதித் திண்ணைதான்.

கடைசியாக ஒன்று. நான் சொன்ன பட்டியலை ஒரு வேதமாக்கி விடாதீர்கள். இதிலும் யாரோ விடுபட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் யார் என்று கண்டுபிடித்து, என்னையே திருப்பிக் கேளுங்கள். பெரியார் சொன்னார் என்பதற்காகவும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று அவரே சொன்ன இயக்கம் இது. எந்தப் புத்தகமானாலும், எந்தச் சினிமாவானாலும், யாரைப் பெரியவனாக்குகின்றது, யாரை மறைக்கின்றது என்று கேட்டுப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டதை மாத்திரம் வைத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுங்கள்.